காப்பி போடுறவங்களுக்கும் ஒரு நல்ல காப்பி

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், களப்பணியாளர்கள் சார்பில் ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன், வட்டி, தீர்மானம் எல்லாம் பேசி முடித்துவிட்டோம். இன்றைக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட விஷயம் காப்பி. "எங்களுக்குக் காப்பி போடத் தெரியாதா? அதைச் சொல்லித் தர நீங்க வரணுமா?" என்று பின் வரிசையில் சிரிப்பது கேட்கிறது. நியாயமான கேள்விதான். முப்பது வருஷமாக அடுப்படியில் நிற்கிறவங்களுக்குச் சொல்லித் தர நாங்கள் வரவில்லை. தெரிந்ததைச் சேர்ந்து பேசிப் பார்க்கலாம் என்றுதான் வந்திருக்கிறோம்.

குழு வேலையாக எந்த வீட்டுக்குப் போனாலும், உட்காருங்க என்று சொன்ன கையோடு எங்களுக்கு வருவது காப்பி. அப்படிப் பல ஊரில் பல அடுப்படிகளைப் பார்த்ததில் மூன்று விஷயம் எங்கள் மனதில் பட்டது. ஒன்று, தூளுக்குக் கொடுக்கிற காசின் பலன் முழுசாக டம்ளருக்கு வந்து சேருவதில்லை. இரண்டு, பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே வாங்குகிறோம். மூன்று, எல்லோருக்கும் காப்பி போடுகிற பெண்ணுக்குக் கடைசியில் கிடைப்பது மிச்சம். அந்த மிச்சத்தையே பல பேர் காலைச் சாப்பாடாகவும் ஆக்கிக்கொள்கிறாங்க. இந்த மூன்றையும் பற்றித்தான் இன்றைய பேச்சு.

தூளுக்குள் என்ன இருக்கிறது?

காப்பி எங்கேயோ வெளிநாட்டில் விளைகிற பொருள் என்று சிலர் நினைக்கிறோம். நம் சேர்வராயன் மலையில், ஏற்காட்டில், 1820-களிலேயே காப்பி பயிரிட்டார்கள். அப்போது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர்தான் அதைக் கொண்டுவந்தவர். இன்றைக்கு நீலகிரி, ஆனைமலை, தாண்டிக்குடி, கொல்லிமலைப் பக்கமெல்லாம் காப்பி விளைகிறது. பழுத்த பழமாகப் பார்த்துப் பறித்துக் கூடையில் சேர்க்கும் வேலையில் பெரும்பங்கு நம்மைப் போன்ற பெண்களுடையது. அதனால் ஒரு பிடி தூளைக்கூட வீணாக்க மனசு வரக் கூடாது.

காப்பியில் முக்கியமாக இரண்டு வகை. அராபிகா, ரோபஸ்டா. அராபிகாவில் மணம் அதிகம், கசப்பு குறைவு. ரோபஸ்டாவில் கசப்பும் திடமும் அதிகம், விலை பெரும்பாலும் குறைவு. கடைக்காரர் இரண்டையும் கலந்து வறுத்து அரைப்பார். இதில் தப்பு எதுவும் இல்லை.

மூன்றாவதாகச் சேர்வது சிக்கரி. அது காப்பியே இல்லை. ஒரு செடியின் கிழங்கை நறுக்கிக் காயவைத்து வறுத்துப் பொடி செய்தால் அதுதான் சிக்கரி. டிகாஷனுக்குக் கருப்பு நிறமும் கெட்டித் தன்மையும் கொடுக்கும். அளவாகச் சேர்த்தால் கெடுதல் இல்லை, சிலருக்கு அந்த ருசிதான் பிடிக்கும். ஆனால் விலையில் சிக்கரி காப்பியைவிட மிகவும் மலிவு. காப்பி விலையைக் கொடுத்துவிட்டுச் சிக்கரியை வாங்கி வந்தால் நஷ்டம் நமக்குத்தான்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. காப்பி, சிக்கரி கலவையில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும். எத்தனை சதவீதம் காப்பி, எத்தனை சதவீதம் சிக்கரி என்று பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும். அடுத்த முறை வாங்கும்போது தேதியைப் பார்ப்பது போல இதையும் பாருங்கள். 60, 40 என்று போட்டிருந்தால் 100 கிராம் பொட்டலத்தில் காப்பி 60 கிராம்தான். எழுத்து சின்னதாக இருந்தால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். சில்லறையாக அரைத்துத் தரும் கடையில் "கண் முன்னால எடை போட்டுக் கலந்து கொடுங்க" என்று கேட்கலாம். காசு கொடுக்கிறவங்க கேட்கிறதுக்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து ஒரு சிட்டிகைத் தூளை மேலே தூவுங்கள். கலக்காதீர்கள். காப்பித் தூள் கொஞ்ச நேரம் மேலேயே மிதக்கும். சிக்கரி சில வினாடிகளில் பழுப்பு நிறக் கோடு விட்டபடி கீழே இறங்கும். களிமண் கலப்படம் இருக்கிறதா என்று பார்க்க, அரை ஸ்பூன் தூளைத் தண்ணீரில் ஒரு நிமிடம் கலக்கி, ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். மண் அடியில் தங்கிவிடும். சந்தேகம் வந்தால் பொட்டலத்தோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் குழுவின் பெயரில் எழுதிக் கொடுக்கலாம்.

இதை இப்போது சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. பிரேசில், வியட்நாம் நாடுகளில் ஏற்பட்ட வறட்சியால் 2024, 2025 ஆண்டுகளில் காப்பிக் கொட்டை விலை உலகச் சந்தையில் வரலாறு காணாத அளவுக்கு ஏறியது. விலை ஏறுகிற சமயத்தில்தான் கலப்படத்துக்கு ஆசை வரும். நாமும் அப்போதுதான் கவனமாக இருக்க வேண்டும்.

பில்டர் இல்லையா? பாத்திரம் போதும்

"எங்க வீட்ல பில்டர் இல்ல, அதனால நல்ல காப்பி வராது" என்று நிறையப் பேர் சொல்கிறாங்க. அப்படி இல்லை. மூடி போட்ட ஒரு பாத்திரமும், சுத்தமான பருத்தித் துணியும் இருந்தால் அருமையான டிகாஷன் இறக்கலாம். நாலு பேருக்கான கணக்கைச் சொல்கிறோம்.

தூள் 20 கிராம். தராசு வேண்டாம். 100 கிராம் பொட்டலத்தை ஐந்து பங்காக வைத்தால் ஒரு பங்கு 20 கிராம். ஒரு தடவை பங்கு வைத்துப் பார்த்து, அது உங்கள் வீட்டு ஸ்பூனில் எத்தனை ஸ்பூன் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். தண்ணீர் 200 மில்லி. குடிக்கிற தண்ணீராக இருக்கட்டும். உப்புக் கரிக்கிற போர் தண்ணீரில் எவ்வளவு நல்ல தூளும் ருசி கெட்டுப் போகும்.

தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். கொதித்ததும் அடுப்பிலிருந்து இறக்கிவிடுங்கள். இதுதான் முக்கியமான இடம். இறக்கி வைத்து அரை நிமிடம் கழித்துத் தூளைப் போட்டு, எல்லாத் தூளும் நனைகிற மாதிரி ஒரு கலக்குக் கலக்கி மூடிவிடுங்கள். நாலு, ஐந்து நிமிடம் திறக்கக் கூடாது. பிறகு ஒரு ஸ்பூன் பச்சைத் தண்ணீரை மேலே தெளியுங்கள். மிதக்கிற சக்கை அடியில் போய்ப் படியும். பாத்திரத்தை ஆட்டாமல் துணியில் வடிகட்டுங்கள். தூள் கொஞ்சம் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். மிச்சம் 150 மில்லிக்கு மேல் தெளிவான டிகாஷன் கிடைக்கும்.

நம்மில் பலர் தூளைப் போட்ட பிறகும் அடுப்பிலேயே பொங்கப் பொங்கக் கொதிக்க விடுகிறோம். "கொதிச்சாத்தானே சாறு இறங்கும்?" என்று கேட்பீர்கள். சாறு இறங்கத்தான் செய்யும். ஆனால் காப்பியின் மணம் சீக்கிரம் ஆவியாகிற சரக்கு. தெருமுனை வரைக்கும் காப்பி வாசனை வந்தால், அந்த மணம் டம்ளரைவிட்டு வெளியே போய்விட்டது என்று அர்த்தம். தூளில் நல்ல ருசி முதலில் இறங்குகிறது. அதிகக் கசப்பும் துவர்ப்பும் பின்னால் இறங்குகிறது. கொதிக்கக் கொதிக்க மணம் போய்க் கசப்பு ஏறும். அந்தக் கசப்பை மறைக்க இன்னும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போடுவோம். இறக்கி வைத்து மூடினால் மணமும் நிற்கும், சர்க்கரையும் குறையும், அந்த ஐந்து நிமிட எரிவாயுவும் மிச்சம்.

பாத்திரத்தில் போடுவதற்குத் தூள் கொஞ்சம் கொரகொரப்பாக இருந்தால் நல்லது. மாவு மாதிரி இருந்தால் துணியையும் தாண்டி வண்டல் வரும். வடிகட்டும் துணியைச் சோப்புப் போடாமல் வெந்நீரில் அலசி வெயிலில் காயப் போடுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மறுநாள் காப்பியில் அந்த வாடை வரும்.

பில்டர் இருக்கிற வீட்டில்

பில்டர் வைத்திருப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. மேல் அடுக்கில் தூளைப் போட்டுக் குடையால் லேசாக அழுத்தினால் போதும். ரொம்ப அழுத்தினால் தண்ணீர் இறங்காது. அழுத்தாமலே விட்டால் சட்டென்று இறங்கி, டிகாஷன் நீர்த்துப் போகும். முதலில் தூள் நனைகிற அளவுக்குக் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி அரை நிமிடம் விட்டு, பிறகு மீதியை ஊற்றுங்கள். இறங்குவதற்குப் பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். தட்டிக்கொண்டே இருக்க வேண்டாம்.

ஓட்டை அடைத்துக்கொண்டால் எவர்சில்வர் பில்டரின் மேல் அடுக்கை மட்டும் இடுக்கியால் பிடித்து அடுப்புத் தணலில் சில வினாடி காட்டித் தட்டினால் அடைப்பு உதிரும். ஆறிய பிறகு கழுவிக்கொள்ளலாம்.

தூளைக் காற்றுப் புகாத டப்பாவில், அடுப்பைவிட்டுத் தள்ளி வையுங்கள். ஈர ஸ்பூனை உள்ளே விடாதீர்கள். அரைத்த தூளில் நாள் ஆக ஆக மணம் குறைந்துகொண்டே போகும். அதனால் அரைக் கிலோவாக வாங்கி ரெண்டு மாசம் வைத்திருப்பதைவிட, 100 கிராமாக அடிக்கடி வாங்குவதே நல்லது.

பாலும் இனிப்பும்

டிகாஷனையும் பாலையும் ஒன்றாக ஊற்றிக் கொதிக்க விடாதீர்கள். பாலைத் தனியாகச் சூடாகக் காய்ச்சி, டம்ளரில் சேர்த்தால் போதும். கால் பங்கு டிகாஷன், முக்கால் பங்கு பால் என்று ஆரம்பித்து உங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். மிச்சமான டிகாஷனை அடுப்பில் நேரடியாகச் சூடு பண்ண வேண்டாம். கிண்ணத்தோடு வெந்நீருக்குள் வைத்தால் தானே சூடேறும்.

தெற்குப் பக்கம் கருப்பட்டிக் காப்பி குடிப்பது வழக்கம். கருப்பட்டியைக் கொதிக்கிற பாலில் போட்டால் சில நேரம் பால் திரிந்துவிடும். முதலில் கருப்பட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, தூசி போக வடிகட்டி, டிகாஷனில் சேருங்கள். பாலைக் கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள். சர்க்கரை நோய் இருக்கிறவங்களுக்குக் கருப்பட்டியும் இனிப்புதான் என்பது நினைவில் இருக்கட்டும்.

முதல் டிகாஷன் யாருக்கு?

இப்போது கொஞ்சம் மனசுவிட்டுப் பேசலாம். உங்கள் வீட்டில் முதல் டிகாஷன் யாருக்குப் போகிறது? வீட்டுக்காரருக்கு, மாமனாருக்கு, வந்த விருந்தாளிக்கு, வேலைக்குப் போகிற பையனுக்கு. பிறகு அதே சக்கையில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்குகிற இரண்டாம் டிகாஷன் யாருக்கு? நாங்கள் கேட்ட இடத்திலெல்லாம் பதில் ஒன்றுதான். "நமக்குத்தான், வேற யாருக்கு?"

நாலு மணிக்கு எழுந்து, சாணி தெளித்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டிய கைக்குக் கடைசியில் நிறம் மட்டும் இருக்கிற தண்ணீர். பால் தீர்ந்துபோனால் அதுவும் கடுங்காப்பி. அதையும் நின்றுகொண்டே, பாதி ஆறிப்போனதை, ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்த வேலை. யாரும் வேணும் என்று செய்வதில்லை. பழக்கமாகவே வந்துவிட்டது. வங்கியில் கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கித் திருப்பிக் கட்டுகிற நாம், நம் வீட்டு அடுப்படியில் ஒரு டம்ளர் நல்ல காப்பி நமக்கென்று எடுத்து வைக்கத் தயங்குகிறோம்.

காப்பிச் செடியின் பிறப்பிடம் ஆப்பிரிக்காவில் இருக்கிற எத்தியோப்பியா. அங்கே காப்பி போடுவது பெண்கள் முன்னின்று செய்கிற ஒரு சடங்கு மாதிரி. பச்சைக் கொட்டையை எல்லோர் முன்னாலும் வறுத்து, இடித்து, ஜெபனா என்கிற மண் கூஜாவில் கரி அடுப்பில் வைத்து இறக்குவார்கள். அக்கம்பக்கத்தார் வந்து சுற்றி உட்காருவார்கள். ஒரே தூளில் மூன்று முறை காப்பி வரும். முதல் சுற்றுக்கு அபோல், இரண்டாவதுக்குத் தோனா, மூன்றாவதுக்குப் பரக்கா என்று பெயர். பரக்கா என்றால் ஆசி. முதல் சுற்றுத் திடம், மூன்றாவது நீர்த்தது. ஆனால் திடமானது ஒருத்தருக்கு, நீர்த்தது ஒருத்தருக்கு என்று பிரிப்பதில்லை. இருக்கிறவங்க எல்லோருக்கும் எல்லாச் சுற்றும் உண்டு.

நாமும் ஒரு சுலபமான காரியம் செய்யலாம். இரண்டாம் டிகாஷன் இறக்குகிற வீடாக இருந்தால், முதலாவதையும் இரண்டாவதையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்துக் கலந்துவிடுங்கள். அதற்கப்புறம் பங்கிடுங்கள். எல்லோர் டம்ளரிலும் ஒரே காப்பி. சண்டை வேண்டாம், விளக்கம் வேண்டாம். பாலையும் அதே மாதிரி, உங்களுக்கும் சேர்த்து அளந்து காய்ச்சுங்கள். டம்ளர்களை வரிசையாக வைக்கும்போது உங்கள் டம்ளரையும் அந்த வரிசையில் வையுங்கள். மருமகள் காப்பி போடுகிற வீட்டில், மாமியாராக இருக்கிற பெரியம்மாக்கள் "உனக்கு ஊத்திக்கிட்டியாம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஒரு வார்த்தை போதும்.

எப்போது குடிப்பது?

நல்ல காப்பி என்றால் நல்ல நேரத்தில் குடிக்கிற காப்பியும்தான். நம் மாநிலத்தில் 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பது தெரிந்தது. இங்கே உட்கார்ந்திருக்கிற நம்மில் எத்தனை பேருக்கு மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்று நமக்கே தெரியும்.

காப்பியும் டீயும் சாப்பாட்டோடு சேர்ந்து உள்ளே போனால், அந்தச் சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேருவது குறைந்துபோகிறது. கேழ்வரகும் முருங்கைக்கீரையும் சாப்பிட்டுவிட்டுக் கையோடு காப்பி குடித்தால் பாதி உழைப்பு வீண். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் ஒரு மணி நேரம் பின்பும் காப்பி, டீ வேண்டாம் என்றுதான் சொல்கிறது. இரும்புச்சத்து மாத்திரையை ஒருபோதும் காப்பியோடு விழுங்காதீர்கள். தண்ணீரோடு, முடிந்தால் எலுமிச்சைச் சாறோடு சாப்பிடுங்கள்.

அதே வழிகாட்டுதல், காப்பியில் இருக்கிற கேஃபீன் என்ற பொருள் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. 150 மில்லி காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை இருக்கும். ஆகவே நாளைக்கு இரண்டு டம்ளர் போதும். கர்ப்பிணிகள் இன்னும் குறைத்துக்கொண்டு, கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் காப்பி வேண்டாம், பாலாகவே கொடுங்கள்.

இன்னொன்று. "காலையில ஒரு காப்பி குடிச்சா மதியம் வரைக்கும் பசிக்காதுங்க" என்று களை எடுக்கப் போகிற அக்காக்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். காப்பி பசியை மறக்க வைக்கிறதே தவிர, வயிற்றை நிரப்புவதில்லை. காப்பியை ஐந்தரை மணிக்குக் குடியுங்கள். ஏழு மணிக்குக் கூழோ பழைய சோறோ கட்டாயம் சாப்பிட்டுவிட்டுக் காட்டுக்குப் போங்கள். சாயங்காலம் இன்னொன்று வேண்டும் போல இருந்தால் காப்பித் தூள் சேர்க்காத சுக்குமல்லிக் காப்பி இருக்கவே இருக்கிறது.

குழுவாக என்ன செய்யலாம்?

பத்து வீடு சேர்ந்தால் மாதத்துக்குச் சில கிலோ தூள் ஆகும். தனியாகப் பொட்டலம் வாங்குவதற்குப் பதில், குழுவாகச் சேர்ந்து நல்ல கடையில் கொட்டையாகத் தேர்ந்தெடுத்து, சிக்கரி எவ்வளவு என்று நாமே சொல்லி, வாரம் ஒரு முறை புதிதாக அரைத்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். மொத்தமாக எடுத்தால் விலை பேசவும் முடியும். சந்தையில் காப்பிக் கடை போடுகிற குழுக்களும் இந்த அளவுக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எத்தனை கிராம் தூளுக்கு எத்தனை டம்ளர் என்று தெரிந்தால்தான் லாபமும் தெரியும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். உங்கள் ஊரில் விற்கிற தூள் தண்ணீரில் மிதந்ததா, மூழ்கியதா? இந்த மாதம் எத்தனை பேர் முதல் டிகாஷனில் தங்கள் பங்கைக் குடித்தீர்கள்? இரண்டையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்வோம்.

இன்றைய கூட்டத்துக்கான காப்பி பாத்திரத்தில் மூடி வைத்து ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. வடிகட்ட இரண்டு பேர் வாங்க. வடிகட்டுகிறவங்களுக்கும் சேர்த்துத்தான் டம்ளர் எடுத்து வைத்திருக்கிறோம்.